கை நிறைய கார்டு, ஆனால் ஆர்டர் இல்லை

கேள்வி: வீட்டுச் சமையலறையில் தொடங்கி, ஜாடியில் அடைத்து விற்கும் உணவுப் பொருள் ஒன்றைத் தயாரிக்கிறேன். சாப்பிட்டவர்கள் நன்றாக இருக்கிறது என்கிறார்கள். ஆனால் வாங்குவது இன்னமும் சொந்தக்காரர்களும் தோழிகளும்தான். ‘ஆள் பழக்கம் இல்லாமல் இந்தத் தொழிலில் நிற்க முடியாது’ என்று எல்லோரும் சொன்னதால் தொழில்முனைவோர் கூட்டங்களுக்குப் போனேன். கை நிறைய விசிட்டிங் கார்டு சேர்ந்தது. நாலைந்து வாட்ஸ்அப் குழுக்களிலும் இருக்கிறேன். ஒன்றும் நகரவில்லை. எனக்குக் கூச்ச சுபாவம் வேறு. போன வாரம் ஒரு பெரிய விநியோகஸ்தரின் எண் கிடைத்தது. கூப்பிடலாமா? என்னைப் போன்றவள் எப்படித் தொடர்புகளை வளர்ப்பது?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புச் சகோதரி, உங்கள் கூச்சத்தைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். கூட்டத்தில் கலகலப்பாகப் பேசுகிறவர்களுக்கும் கார்டுதான் சேருகிறது, ஆர்டர் சேருவதில்லை. ‘நான் இப்படி ஒரு பொருள் செய்கிறேன், ஆதரவு கொடுங்கள்’ என்று சொன்னால், கேட்பவர் நல்லவராகவே இருந்தாலும் என்ன செய்வார்? தலையாட்டிவிட்டு நகர்ந்துவிடுவார். இரண்டு நிமிடத்தில் பதில் சொல்லக்கூடிய ஒரு கேள்வியோடு போனால் அதே மனிதர் நின்று பேசுவார். தனக்குத் தெரிந்ததை ஒருவர் மதித்துக் கேட்டால் பெரும்பாலோருக்குச் சந்தோஷம்தான்.

சொந்தக்காரர்களைத் தாண்டி வெளியே போக முடியவில்லை என்கிறீர்களே, அது உங்கள் குறை இல்லை. மார்க் கிரானோவெட்டர் என்ற அமெரிக்க சமூகவியலாளர் 1973-இல் எழுதிய ஆய்வுக் கட்டுரை இதைப் பற்றியதுதான். தெரிந்தவர் மூலம் வேலை கிடைத்தவர்களிடம், ‘அவரை எவ்வளவு அடிக்கடி பார்ப்பீர்கள்?’ என்று கேட்டார். அடிக்கடி பார்ப்பவர் மூலம் கிடைத்தது என்றவர்கள் சுமார் 17 சதவீதம்தான். எப்போதாவது பார்ப்பவர் என்றவர்கள் 55 சதவீதத்துக்கும் மேல். மீதிப் பேர் அரிதாகப் பார்ப்பவர் என்றார்கள். நெருங்கியவர்களுக்குத் தெரிந்தது பெரும்பாலும் நமக்கும் தெரிந்ததாகவே இருக்கும். புதுச் செய்தி சற்றுத் தள்ளி நிற்பவரிடம்தான் இருக்கும். அது வேலை தேடியவர்களைப் பற்றிய ஆய்வு, ஆனாலும் உங்களுக்கு நன்றாகவே பொருந்துகிறது. சொந்தக்காரர்களிடம் இனி ‘வாங்குங்கள்’ என்று கேட்க வேண்டாம். ‘கடை வைத்திருப்பவர், பேக்கிங் சாமான் விற்பவர், சரக்கு வண்டி ஓட்டுபவர் யாரையாவது தெரியுமா?’ என்று கேளுங்கள். ஒரு பெயர் கிடைத்தால் போதும்.

யாரிடம் முதலில் போவது? பலரும் வாங்குபவரைத் தேடித்தான் முதலில் ஓடுகிறார்கள். நான் அதற்கு நேர்மாறாகச் சொல்வேன். முதல் தொடர்பு உணவுப் பரிசோதனைக் கூடத்தில் இருக்கட்டும். உங்களுடையது காற்றுப் புகாமல் மூடிய ஜாடி. அதில் அமிலத்தன்மையைக் காட்டும் பிஹெச் அளவு 4.6-க்கு மேல் இருந்தால், பாட்டுலிசம் என்ற கொடிய நச்சு நோயை உண்டாக்கும் கிருமி வளர வாய்ப்பு உண்டு. 4.6-க்குக் கீழே அது வளராது. அளவு மேலே இருந்தால் புளிப்பைக் கூட்டுவதா, ஈரப்பதத்தைக் குறைப்பதா, அழுத்தத்தில் சூடாக்கிப் பதப்படுத்துவதா, குளிர்ச்சியில் வைத்து விற்பதா என்பதை விவரம் தெரிந்தவரோடு உட்கார்ந்துதான் முடிவு செய்ய வேண்டும். மாதிரியைக் கொடுத்தோம், ரிப்போர்ட் வாங்கினோம் என்று திரும்பிவிடாதீர்கள். ‘இந்த எண் என் பொருளுக்கு என்ன அர்த்தம்? எத்தனை மாதம் தாங்கும் என்பதை எப்படிச் சோதிப்பது?’ என்று அங்கே இருப்பவரிடம் கேளுங்கள். அவரோடு பழக்கம் தொடங்குவது அப்படித்தான்.

உணவுப் பாதுகாப்பு அதிகாரியையும் அதே மாதிரி நினையுங்கள். அவர் சோதனைக்கு வருவதற்கு முன்பே நீங்கள் போய்ச் சந்தியுங்கள். உரிமம், லேபிளில் என்னென்ன இருக்க வேண்டும், ஒவ்வாமை தரும் பொருட்களை எப்படிக் குறிப்பிடுவது என்று கேளுங்கள். சமைத்த உணவை 5 டிகிரி செல்சியஸுக்கும் 60-க்கும் நடுவில் அதிக நேரம் வைக்கக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்வது. உங்கள் சமையலறையில் ஆற வைத்து ஜாடியில் அடைக்கும் வரை என்ன நடக்கிறது என்று அவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். ஒழுங்காகச் செய்ய வேண்டும் என்று தானாகவே வந்து கேட்பவரை எந்த அதிகாரியும் மறக்க மாட்டார்.

அடுத்தது கடை. முதலாளியைப் பார்ப்பதற்கு முன்னால், ரேக்கில் சரக்கு அடுக்குகிறாரே, அவரிடம் பேசுங்கள். கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்துப் போங்கள். விற்கப் போகாதீர்கள். ‘அண்ணா, இந்த மாதிரி ஜாடிச் சரக்கில் எது அதிகமாகத் திரும்பி வருகிறது? ஏன் வருகிறது?’ என்று மட்டும் கேளுங்கள். மூடி கசிந்து பக்கத்துச் சரக்கையும் பிசுபிசுப்பாக்கியது, லேபிள் ஓரம் உரிந்தது, கை பட்டதும் தேதி அழிந்தது, ஜாடி உயரமாக இருப்பதால் கீழ்த்தட்டில் நிற்கவில்லை – இப்படியெல்லாம் அவர் சொல்வார். எந்தக் கூட்டத்திலும் இந்தத் தகவல் கிடைக்காது. நாளை உங்கள் ஜாடியைக் கண் படும் தட்டில் வைப்பதா, மூலையில் தள்ளுவதா என்பதும் பெரும்பாலும் அவர் கையில்தான் இருக்கிறது.

உங்களைப் போலவே சிறிய அளவில் உணவு தயாரிக்கும் மற்றவர்களைப் போட்டியாக நினைத்து ஒதுங்காதீர்கள். ஜாடி, மூடி, அச்சடித்த லேபிள் எல்லாவற்றுக்கும் ‘குறைந்தது இத்தனை எடுக்க வேண்டும்’ என்று ஒரு அளவு இருக்கும். தனியாக வாங்கினால் பணம் ஜாடியிலேயே முடங்கிவிடும். மூன்று பேர் ஒரே ஜாடியைத் தேர்ந்தெடுத்துச் சேர்ந்து வாங்கினால் சமாளிக்கலாம். உடைந்தது யார் கணக்கு, யார் வீட்டில் இறக்குவது, பணம் எப்போது தருவது என்பதை மட்டும் முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இது இல்லாமல் நல்ல பழக்கமே கெட்டுப்போகிறது. செய்முறையைச் சொல்ல வேண்டியதில்லை. நல்ல மூலப்பொருள் எங்கே கிடைக்கிறது, எந்தக் கடை பணத்தை இழுத்தடிக்கிறது என்பதைப் பகிர்ந்துகொண்டாலே போதும்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் பலர் கோட்டை விடுவது இங்கேதான். ஒருவர் சொன்ன யோசனையை என்ன செய்தோம் என்று அவரிடமே திரும்பிப் போய்ச் சொல்ல வேண்டும். சரக்கு அடுக்கும் அண்ணனுக்கு இப்படி ஒரு செய்தி அனுப்புங்கள்: ‘மூடி கசிவதைப் பற்றிச் சொன்னீர்களே, உள்ளே சீல் வரும் மூடிக்கு மாறிவிட்டேன். ஒரு வாரம் படுக்க வைத்துப் பார்த்தேன், கசியவில்லை. ரொம்ப நன்றி.’ அவ்வளவுதான், வேறு எதுவும் கேட்காதீர்கள். தான் சொன்னது வீண் போகவில்லை என்று தெரிந்தவர், அடுத்த முறை நீங்கள் கேட்காமலேயே சொல்லத் தொடங்குவார். கூச்ச சுபாவக்காரர்களுக்கு இது நன்றாகவே வரும், எழுதி அனுப்பினால் போதுமே. ஒரு நோட்டில் பெயர், அவர் சொன்னது, நான் திரும்பச் சொன்னது, என்னால் அவருக்கு என்ன உதவி ஆகும் என்று எழுதி வாருங்கள். கடைசியில் சொன்ன பகுதி காலியாகவே கிடந்தால் அந்தப் பழக்கம் நீடிக்காது.

வாட்ஸ்அப் குழுக்களில், கேள்விக்கு யாராவது பதில் சொல்லும் குழு ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றிலிருந்து வெளியேறிவிடுங்கள். எல்லோரும் விளம்பரம் போடும் இடத்தில் யாரும் படிப்பதில்லை.

சரி, அந்த விநியோகஸ்தர். இப்போதைக்குக் கூப்பிட வேண்டாம். மாதா மாதம் தவறாமல் எத்தனை ஜாடி தருவீர்கள், எத்தனை மாதம் கெடாது, தேதி முடிந்த சரக்கைத் திருப்பி எடுப்பீர்களா, எத்தனை நாள் கடன் தருவீர்கள் என்று அவர் கேட்பார். கடையில் விற்கும் விலையிலிருந்து கடைக்காரர் லாபம், விநியோகஸ்தர் லாபம், வண்டிக் கூலி எல்லாவற்றையும் கழித்துப் பாருங்கள். மிச்சத்தில் உங்கள் அடக்கச் செலவும் உங்கள் உழைப்புக்கான கூலியும் வரவில்லை என்றால், ஆர்டர் பெரிதாகப் பெரிதாக நஷ்டமும் பெரிதாகும். கணக்கு சரியாக வந்து, இரண்டு மூன்று சிறிய கடைகளில் உங்கள் பொருள் விற்றுத் தீர்ந்து, மறுபடி கேட்கத் தொடங்கிய பிறகு அவரிடம் போங்கள். அப்போதும் நேரடியாகக் கூப்பிடாமல், அந்தக் கடைக்காரர்களில் ஒருவரை உங்களைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லச் சொல்லுங்கள். போகும்போது இரண்டு ஜாடி, பரிசோதனை ரிப்போர்ட், கடைவாரியான விற்பனைக் கணக்கு மூன்றும் கையில் இருக்கட்டும். அவர் எடுக்க மாட்டேன் என்றால், ‘என்ன இருந்தால் எடுப்பீர்கள்?’ என்று கேட்டு, அவர் சொல்வதை அவர் முன்னாலேயே நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.