19 இடங்களும் ஒரு ராத்திரியும்

கேள்வி: எனக்குத் திருமணமாகி நாலு மாதம் ஆகிறது. வேலை பிரஸ்ஸல்ஸில். மனைவி போன மாதம்தான் ஊரிலிருந்து வந்து சேர்ந்தாள். ஜூனில் ஒரு சனி, ஞாயிறு புரூஜ் நகரத்தைச் சுற்றிப் பார்க்கலாம் என்று இருக்கிறேன். நாங்கள் சேர்ந்து போகும் முதல் பயணம் இது. ரயிலில் ஒரு மணி நேரம்தான் என்பதால், இரண்டு நாளும் காலையில் போய் மாலையில் திரும்பினால் ஓட்டல் செலவு மிச்சம். 19 இடங்களை எக்ஸெலில் போட்டு வைத்திருக்கிறேன். அது போதுமா? மனைவி சைவம்.
– ஒரு வாசகர், பிரஸ்ஸல்ஸ்

பதில்: போதுமாவா? தம்பி, அதில் பாதியை அழித்துவிட்டு, மிச்சம் பிடிக்கிற பணத்தில் முதலில் ஓட்டல் போடுங்கள்.

நானும் என் வீட்டுக்காரரும் முதல் தடவை போனது ஒரு ஜனவரியில், உங்கள் கணக்குப்படியேதான். குளிருக்குக் கால்வாய்ப் படகுகளைக் கட்டிப்போட்டிருந்தார்கள். அவர் வரைபடத்தோடு இருபதடி முன்னால், நான் குதிகால் உயர்ந்த செருப்போடு கல் பாவிய தெருவில் தடுக்கித் தடுக்கிப் பின்னால். மார்க்கெட் சதுக்கத்தில் சண்டையே வந்துவிட்டது. மாலை ரயிலைப் பிடிக்க ஓடும்போது ஒரு பாலத்தில் திரும்பிப் பார்த்தேன். அப்போதுதான் விளக்கு போட்டிருந்தார்கள். கால்வாய்த் தண்ணீரில் ஒவ்வொரு ஜன்னலாக மஞ்சள் ஏறிக்கொண்டிருந்தது. அதைப் பார்க்க இரண்டு நிமிடம்கூட எங்களிடம் இல்லை.

புரூஜுக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் பகலில் வந்து மாலையில் போகிறவர்கள். அவர்கள் கிளம்பியதும் ஊர் அடங்கிவிடும். ஜூனில் இருட்ட இரவு பத்து மணி ஆகும். ஆக, ஆறு மணியிலிருந்து நாலு மணி நேரம் உங்கள் இருவருக்கும்தான். எல்லோரும் முண்டியடித்துப் படம் எடுக்கும் ரோசென்ஹூட்காய் கரையில் அப்போது ஆற அமர நிற்கலாம். அங்கிருந்து வடக்கே லாங்கரெய் கால்வாயோரமாக நடந்துகொண்டே இருங்கள். வீடுகளும் வாத்துகளும் தவிர அங்கே ஒன்றும் இல்லை. அதற்காகத்தான் போகச் சொல்கிறேன். கால் வலிக்காவிட்டால் கிழக்கே மேட்டில் காற்றாலைகள் வரை போகலாம். அதில் ஒன்று 1770இல் கட்டியது.

ஒரு காலத்தில் ஐரோப்பாவின் பெரிய வணிக நகரங்களில் ஒன்றாக இருந்த ஊர் இது. கடலுக்குப் போகும் ஸ்வின் கழிமுகம் தூர்ந்து போய், வியாபாரம் ஆண்ட்வெர்ப்புக்கு நகர்ந்தது. பழசை இடித்துப் புதிதாகக் கட்டப் பணமில்லாமல் போனதால்தான் இன்றைக்கு இவ்வளவு அழகு மிஞ்சியிருக்கிறது.

படகு அரை மணி நேரச் சவாரி. ஞாயிறு காலை படகுத்துறை திறந்தவுடன் போய்விடுங்கள், மதியம் போனால் வரிசையில் கால் கடுத்துவிடும். தாழ்வான பாலம் வரும்போது தலையைக் குனியுங்கள். போனிஃபேசியஸ் பாலத்தைப் பார்த்து ஐந்நூறு வருஷம் பழையது என்று மனைவியிடம் அளந்துவிடாதீர்கள். அது போன நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டியது. அதை ஒட்டியிருக்கும் மாதா கோயிலில் மைக்கேலாஞ்சலோ செதுக்கிய தாயும் சேயும் சிலை இருக்கிறது. 1944இல் நாஜிகள் தூக்கிக்கொண்டு போய், அடுத்த வருஷம் ஆஸ்திரியாவில் ஓர் உப்புச் சுரங்கத்திலிருந்து மீட்ட சிலை. தாயின் மடியிலிருந்து நழுவி இறங்கப் பார்க்கிற அந்தப் பிள்ளையின் முகத்தை நின்று பாருங்கள்.

மணிக்கூண்டுக்கு 366 படிகள். உச்சியை நெருங்க நெருங்கப் படிக்கட்டு குறுகிவிடும். எதிரே ஆள் வந்தால் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டியதுதான், கைகோத்து ஏற வழியில்லை. மனைவிக்கு ஆசை இருந்தால் மட்டும் ஏறுங்கள். குதிரை வண்டியை நான் விட்டுவிடுவேன். அதே தெருக்களில் நடக்கக் காசு வேண்டாம்.

சாப்பாட்டில் முக்கியமான ஒன்று. பெல்ஜியத்தில் உருளைக்கிழங்கு ஃப்ரைஸை வழக்கமாக மாட்டுக் கொழுப்பில்தான் பொரிப்பார்கள். இத்தனை நாளில் உங்களுக்கே தெரிந்திருக்கும், ஆனால் மணிக்கூண்டுக்குக் கீழே வாசம் தூக்கும்போது மறந்துபோகும். தாவர எண்ணெயா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். வாஃபிளில் முட்டை உண்டு. முட்டையும் ஆகாது என்றால், சனிக்கிழமை மதியத்துக்குப் புளிச்சோறு கட்டிக்கொண்டு போங்கள். ரயிலடியிலிருந்து ஊருக்குள் நடக்கிற வழியிலேயே மின்னேவாட்டர் ஏரி வரும், அன்னங்களைப் பார்த்துக்கொண்டே சாப்பிடலாம். அதை ஒட்டி, 1245இல் தொடங்கிய பெகைன் பெண்களின் குடியிருப்பு. பெகைன்கள் என்றால், கன்னியாஸ்திரிகளாகாமலே இறைவழியில் கூடி வாழ்ந்த பெண்கள். வெள்ளை வீடுகள், நடுவே உயரமான மரங்கள். உள்ளே சத்தமாகப் பேசக் கூடாது. எனக்கு அந்த ஊரில் ரொம்பப் பிடித்த இடம் அதுதான்.

பெட்டி வேண்டாம், முதுகுப்பை போதும். அந்தக் கல் தெருவில் பெட்டிச் சக்கரம் போடுகிற சத்தம் தெருவையே எழுப்பிவிடும். ஓட்டலைப் பழைய ஊரைச் சுற்றி ஓடும் கால்வாய்க்கு உள்ளேயே பாருங்கள், ராத்திரி நடந்தே அறைக்குத் திரும்பலாம்.

அப்புறம், இவ்வளவு எழுதிய நீங்கள் மனைவியைப் பற்றிச் சொன்னது, போன மாதம் வந்தார் என்பதும் சைவம் என்பதும்தான். அந்த எக்ஸெலை அவர் பார்த்தாரா? இன்று ராத்திரியே காட்டுங்கள். எதை அழிப்பது என்று அவரே சொல்லட்டும்.