ஹாஸ்டல் மாடியில் குடித்து விழுந்தால் கல்லூரிக்குப் பொறுப்பு உண்டா?

கேள்வி: நாங்கள் கொழிஞ்சாம்பாறை. மகனுக்கு 20 வயது. பாலக்காடு பக்கம் ஒரு தனியார் கல்லூரியில் படிக்கிறான். கல்லூரி விழா முடிந்த இரவு, நண்பர்களோடு ஹாஸ்டல் மொட்டை மாடியில் குடித்துவிட்டுக் கீழே விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. மாடிக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை, பல மாதமாகக் கயிறு போட்டுத்தான் கட்டி வைத்திருந்தார்களாம். வார்டனிடம் சொல்லியும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக இரண்டு மணி நேரம் ஆகியிருக்கிறது. இப்போது ‘கல்லூரிக்குப் பொறுப்பில்லை’ என்று எழுதி எங்களிடம் கையெழுத்துக் கேட்கிறார்கள். என்ன செய்வது?

பதில்: முதல் வேலை, அந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். போட்டாலும் அலட்சியத்துக்கான பொறுப்பு போய்விடாது என்று பிறகு வாதாடலாம்தான். ஆனால் அந்தத் தலைவலியை நாமே ஏன் இழுத்துக்கொள்ள வேண்டும்?

‘குடித்தவன் விழுந்தான், நாங்கள் என்ன செய்ய முடியும்?’ என்று கல்லூரி சொல்லும். அதில் பாதி நியாயம் இருக்கிறது. 18 முடிந்தவன் சட்டப்படி மேஜர், கல்லூரி அவனுக்கு அப்பா அம்மா இல்லை. அமெரிக்காவில் 1979ல் ஒரு வழக்கு. கல்லூரி வகுப்பு பிக்னிக்கில் குடித்த மாணவன் ஓட்டிய காரில் வந்து அடிபட்டவர் கல்லூரி மேல் வழக்குப் போட்டார். வளர்ந்த மாணவர்களைக் கட்டிக் காப்பது கல்லூரியின் கடமை இல்லை என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது.

நம் ஊர் கோர்ட்டுகள் அவ்வளவு எளிதாகக் கைகழுவ விடுவதில்லை. 2014ல் இமாச்சலுக்குச் சுற்றுலா போன ஹைதராபாத் பொறியியல் மாணவர்கள் 24 பேரை, அணையிலிருந்து திறந்துவிட்ட தண்ணீர் பியாஸ் ஆற்றில் அடித்துக்கொண்டு போனது. மாணவர்கள் வளர்ந்தவர்கள், தண்ணீரைத் திறந்தது மின்வாரியம். இருந்தும் இமாச்சல் உயர் நீதிமன்றம் இழப்பீட்டில் 30 சதவீதத்தைக் கல்லூரி தலையில் வைத்தது. அது குடி வழக்கு இல்லை. ஆனால் உங்களுக்கு வேண்டிய கேள்வி அதில் இருக்கிறது: ஆபத்து இருக்கிறது என்று தெரிந்தும், தன் கையில் இருந்ததைக் கல்லூரி செய்ததா?

கயிறு கட்டிய கதவு இங்கேதான் உதவும். கதவு சரியில்லை என்று ஹாஸ்டலுக்குத் தெரியும். அதனால்தானே கயிறு கட்டினார்கள்? பையன்கள் மாடியில் குடிப்பது இதற்கு முன்பும் வார்டன் காதுக்குப் போயிருந்தால் உங்கள் பக்கம் இன்னும் பலமாகிவிடும். அதைவிடப் பலமானது அந்த இரண்டு மணி நேரம். எப்படி விழுந்தான் என்பது விவாதம். விழுந்தது தெரிந்த பிறகு, தூங்கி எழுந்தால் சரியாகிவிடும் என்று விட்டு வைத்ததற்குப் பதில் சொல்வது அவர்களுக்குக் கஷ்டம். தாமதத்தால் காயம் மோசமானதா என்று டாக்டரிடம் எழுதி வாங்குங்கள்.

வயது விஷயம் உங்களுக்கு இரண்டு பக்கமும் வெட்டும். வேலந்தாவளம் செக்போஸ்ட்டுக்கு அந்தப் பக்கம் தமிழ்நாட்டில் 21 வயதானால் சரக்கு வாங்கலாம். இந்தப் பக்கம் கேரளத்தில் 2017 முதல் 23. கள்ளுக்கும் அதே கணக்குத்தான். கள்ளுக்கடை திறந்திருக்கிறது என்று பொள்ளாச்சி, கோவைப் பையன்கள் வண்டியேறி வருகிறார்களே, அவர்களில் பலருக்கு இது தெரியாது. உங்கள் மகன் குடித்ததே சட்டப்படி தப்பு. விற்றவர் செய்ததும் தப்பு. 23 ஆகாதவர்கள் தங்கும் ஹாஸ்டலில் குடி நடக்க விட்ட நிர்வாகமும் ‘அவன் வளர்ந்தவன்’ என்று தப்பித்துவிட முடியாது.

குடித்தது மகன் தப்பு, அதற்கான பங்கு என்று இழப்பீட்டில் ஒரு பகுதியை கோர்ட் கண்டிப்பாகக் கழிக்கும். முழுத் தொகையும் வரும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

சீனியர்கள் வற்புறுத்திக் குடிக்க வைத்தார்களா என்று மகனைத் தனியாக உட்கார வைத்துக் கேளுங்கள். ஆம் என்றால் அது ராகிங், கதையே வேறு. கேரளத்தின் 1998ஆம் ஆண்டு ராகிங் தடைச் சட்டப்படி, புகார் வந்தும் நடவடிக்கை எடுக்காத கல்லூரித் தலைவரும் அந்தக் குற்றத்துக்குத் துணைபோனவராகவே கருதப்படுவார்.

நுகர்வோர் கோர்ட்டுக்கு ஓடாதீர்கள். கல்வி நிறுவனங்கள் அந்தச் சட்டத்துக்குள் வராது என்று தேசிய ஆணையம் 2020ல் சொல்லியிருக்கிறது. சிவில் வழக்குதான் வழி. மூன்று வருடம் இருக்கிறது என்றாலும் தள்ளிப்போட வேண்டாம். போலீசுக்கு மனுவைத் தமிழிலேயே எழுதலாம்.

ஆஸ்பத்திரிக் குறிப்பில் ‘மது வாடை’ என்று எழுதியிருக்கிறதா, ரத்தப் பரிசோதனை செய்தார்களா என்று பாருங்கள். இன்சூரன்ஸ்காரர்கள் அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு பணம் மறுப்பார்கள். வாடை வேறு, ரத்தத்தில் இருந்த அளவு வேறு.

இந்த வாரமே ஸ்பீட் போஸ்ட்டில் கல்லூரிக்கு ஒரு கடிதம் போடுங்கள்: அன்றிரவு சிசிடிவி பதிவையும் ஹாஸ்டல் வருகைப் பதிவேட்டையும் அழிக்காமல் வைக்கவும் என்று. பழைய பதிவு சில வாரங்களில் தானாக அழிந்துவிடும். கதவுக்குப் புதுத் தாழ்ப்பாள் இதற்குள் வந்திருக்கும். பரவாயில்லை, மாடியில் எடுத்த பழைய செல்பி ஏதாவது ஒன்றில் அந்தக் கயிறு பின்னால் தெரியும். படம் யார் போனில் இருக்கிறதோ அவரிடமே வாங்குங்கள். அசல் படம் சாட்சியாகத் தேவைப்படலாம், அதனால் போனை மாற்ற வேண்டாம் என்றும் சொல்லுங்கள்.