ஏ போடுவதா, ஆன் போடுவதா? எழுத்தைப் பார்க்காதீர்கள், ஒலியைக் கேளுங்கள்

தொண்டிப் பக்கத்துக் கடற்கரை ஊரிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். மாடியில் உள்ள இரண்டு அறைகளை வெளியூர்ப் பயணிகளுக்கு வாடகைக்கு விடுகிறார். காரங்காட்டு அலையாத்திக் காட்டில் படகுச் சவாரி போக வருபவர்களில் தமிழ் தெரியாதவர்களும் உண்டு என்பதால், வாசலில் ஆங்கிலப் பலகை வைக்க எண்ணம். 'ஏ ஹவர்' என்று அவர் எழுதியதை, ஏழாம் வகுப்பில் படிக்கும் மகள் 'ஆன் ஹவர்' என்று திருத்தியிருக்கிறாள். சரி என்று அடுத்த வரியில் 'ஆன் ஒன்-ஹவர் ரைடு' என்று எழுதினால், அதுவும் தப்பு என்கிறாளாம். "ஏ, இ, ஐ, ஓ, யூ எழுத்துகள் வந்தால் ஆன் என்றுதானே படித்தோம்? எச் எழுத்தில் தொடங்கும் ஹவருக்கு ஆன், ஓ எழுத்தில் தொடங்கும் ஒன்னுக்கு ஏ. இது என்ன கணக்கு?" என்று கேட்கிறார்.

மகள் சொன்ன இரண்டுமே சரி. அடுத்து வரும் சொல்லை வாய்விட்டுச் சொல்லும்போது முதலில் கேட்பது உயிரொலி என்றால் ஆன், மெய்யொலி என்றால் ஏ. அந்தச் சொல்லை எந்த எழுத்தில் எழுதுகிறோம் என்பதற்கு இதில் வேலையே இல்லை. நாம் ஹவர் என்று எழுதுவதை ஆங்கிலேயர் 'அவர்' என்றுதான் சொல்கிறார்கள். எச் தாளில் மட்டும் நிற்கிறது, வாயில் வருவதில்லை. நாம் ஒன் என்று எழுதுவதை அவர்கள் 'வன்' என்கிறார்கள். அதனால்தான் 'ஆன் ஹவர்', ஆனால் 'ஏ ஒன்-ஹவர் ரைடு'.

இந்த விதி தமிழருக்குப் புதிதும் அல்ல. ஓர் ஆமை, ஒரு கடற்பசு. ஓர் உப்பளம், ஒரு படகு என்று கவனமாக எழுதுபவர்கள் எழுதுவதும் இதே கணக்கில்தான். இரண்டு உயிரொலிகள் அடுத்தடுத்து வந்தால் நாக்கு இடறும். அந்த இடத்தில் தமிழ் யகரத்தையோ வகரத்தையோ உடம்படுமெய்யாக நுழைக்கிறது. ஆங்கிலம் ஒரு னகரத்தை வைத்துக்கொள்கிறது. வைத்துக்கொள்கிறது என்று சொல்லக் காரணம் உண்டு: ஆன்தான் பழைய வடிவம். 'ஒன்று' என்ற பொருளில் இருந்த அந்தப் பழஞ்சொல் மெய்யொலிக்கு முன்னால் னகரத்தை இழந்து ஏ ஆயிற்று. உயிரொலிக்கு முன்னால் இழக்கவில்லை. எது எங்கே முடிகிறது என்று ஆங்கிலேயரே குழம்பியதும் உண்டு. சமையலறையில் கட்டும் ஏப்ரன் முன்பு 'நேப்ரன்'. 'ஏ நேப்ரன்' என்பதை 'ஆன் ஏப்ரன்' என்று காது பிரித்துக்கொண்டது, அதுவே நிலைத்துவிட்டது. கிரிக்கெட் அம்பயருக்கும் இதே கதைதான்.

ஐயம் வந்தால் சொல்லைத் தமிழில் எழுதிப் பாருங்கள். முதல் எழுத்து நம் பன்னிரண்டு உயிரெழுத்துகளில் ஒன்றாக இருந்தால் ஆன்; வேறு எதுவாக இருந்தாலும் ஏ. ஆங்கிலத்தில் யூ எழுத்தில் தொடங்கும் சொற்களை இந்தச் சோதனை அழகாகப் பிரித்துக் கொடுக்கும். யூனிவர்சிட்டி, யூனிஃபார்ம், யூரின் டெஸ்ட் எல்லாம் யகரத்தில் தொடங்குகின்றன, ஆகவே ஏ. அம்ப்ரெல்லா, அங்கிள், அல்ட்ராசவுண்ட் அகரத்தில் தொடங்குகின்றன, ஆகவே ஆன். இ எழுத்தில் தொடங்கினாலும் யூரோப்பியன், யூகலிப்டஸ் இரண்டுக்கும் ஏதான்.

முதல் மூன்று எழுத்து ஒன்றாகவே இருக்கும் சொற்களில் மட்டும் பொருளையும் பாருங்கள். 'ஒன்று' என்ற பொருள் உள்ளே இருந்தால் அது 'யூனி'. 'இல்லாத' என்ற பொருள் இருந்தால் அது 'அன்'. 1986இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் ஒன்றைப் பற்றி எழுதுகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். தனித்தன்மை உள்ள தீவு என்றால் 'ஏ யூனிக் ஐலண்ட்'. ஆள் குடியில்லாத தீவு என்றால் 'ஆன் அன்இன்ஹாபிட்டட் ஐலண்ட்'.

தமிழில் எழுதிப் பார்க்கும் சோதனை ஏமாற்றும் இடங்களும் உண்டு. ஹகரத்தைப் பொறுத்தவரை ஹவர், ஹானஸ்ட், ஹானர், வாரிசு என்று பொருள்படும் 'ஏர்' என்ற நான்கும் அவற்றின் கிளைச்சொற்களும்தான் எச்சை விழுங்குபவை. ஹோட்டல், ஹாஸ்பிட்டல், ஹார்பர், ஹாலிடே எல்லாவற்றிலும் மூச்சுக்காற்று தெளிவாகக் கேட்கும், அவற்றுக்கு ஏ. பழைய புத்தகங்களில் 'ஆன் ஹிஸ்டாரிக்' என்று வரும். இன்றைக்கு 'ஏ ஹிஸ்டாரிக் டெம்பிள்' என்றே எழுதுங்கள்.

அடுத்த ஏமாற்று நம் வாயிலேயே இருக்கிறது. பலரும் தடுக்கி விழுவது இங்கேதான். பேச்சுத் தமிழில் எறாவை 'யெறா' என்போம், எலியை 'யெலி' என்போம், ஓலை 'வோலை' ஆகும். சொல்லின் முதலில் இ, எ வந்தால் ஒரு யகரமும், ஒ, ஓ வந்தால் ஒரு வகரமும் தாமாகவே ஒட்டிக்கொள்கின்றன. கரையில் இஞ்சினை 'யிஞ்சின்' என்று சொல்லிப் பழகியவருக்கு 'ஏ இஞ்சின்' என்பது உறுத்தாது, ஏனென்றால் அவர் காதில் அது மெய்யொலியில் தொடங்குகிறது. ஆங்கிலத்தில் அது சுத்தமான எகரத்தில் தொடங்கும் 'எஞ்சின்', எனவே ஆன். எக், எய்ட், ஓனர், ஓப்பன் எல்லாம் இப்படியே.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. இல்லாத யகரத்தை இலவசமாகச் சேர்ப்பதால், உண்மையிலேயே யகரம் இருக்கும் சொல்லில் அதை நாம் கணக்கில் எடுப்பதில்லை. வருடத்தைக் குறிக்கும் சொல்லை 'இயர்' என்று எழுதுகிறோம், அதே பழக்கத்தில் 'ஆன் இயர்' என்றும் போட்டுவிடுகிறோம். நன்றாகப் படித்தவர்களும் விடும் பிழை இது. 'ஆன் இயர்' என்றால் ஒரு காது. ஒரு வருடம் என்பது 'ஏ யியர்'. காதைச் சொல்லும்போது நாக்கு எங்கும் நெருங்காமல் குரல் உடனே கிளம்பும். வருடத்தைச் சொல்லும்போது 'யானை' என்று தொடங்குவதைப் போல நாக்கின் நடுப்பகுதி மேலண்ணத்தை நெருங்கி, பிறகு இகரத்துக்கு இறங்கும். யா, யூ, யே என்று சொல்லிக்கொண்டே வந்து யி சொல்லிப் பாருங்கள், வித்தியாசம் பிடிபடும்.

பெண்ணைக் குறிக்கும் 'உமன்', மரத்தைக் குறிக்கும் 'உட்' இரண்டிலும் இதேபோல ஒரு வகரம் மறைந்திருக்கிறது. சங்கு ஊதப் போகிறவர் போல உதட்டை இறுக்கிக் குவித்து, பிறகு தளர்த்துங்கள். மேற்பல் கீழுதட்டைத் தொடக் கூடாது. வருவது 'வுமன்'. அதனால் 'ஏ உமன்', 'ஏ உட்டன் போட்'.

இனி வாசகியின் பலகைக்கு வருவோம். அறையைப் பற்றிய வரியில் 'ஆன் ஏசி ரூம்', 'ஏ நான்-ஏசி ரூம்' என்று வரும். இரண்டிலும் அறை ஒன்றுதான், அடுத்து நிற்கும் சொல்தான் வேறு. பெயர்ச்சொல் எவ்வளவு தள்ளி நின்றாலும் அதைப் பார்க்கக் கூடாது, ஒட்டி நிற்கும் சொல்லைத்தான் பார்க்க வேண்டும். 'ஆன் எக்ஸ்ட்ரா பெட்', 'ஏ டபுள் ரூம் வித் ஆன் அட்டாச்டு பாத்ரூம்'. அறையைக் காலி செய்யும் நேரம் காலை 11 மணி என்றால் 'ஆன் 11 ஏஎம் செக்-அவுட்', பகல் 12 என்றால் 'ஏ 12 நூன் செக்-அவுட்'.

படகு வரியில் 'ஆன் 8-சீட்டர் போட்', 'ஏ 10-சீட்டர் போட்', 'ஏ ஹாஃப்-டே டிரிப்'. ஒரே படகையே 'ஏ ஃபைபர் போட்' என்றும் எழுதலாம், 'ஆன் எஃப்ஆர்பி போட்' என்றும் எழுதலாம். ஃபைபர் ஃபகரத்தில் தொடங்குகிறது, எஃப் என்ற எழுத்தின் பெயர் எகரத்தில் தொடங்குகிறது. பணம் பற்றி எழுதினால் 'ஏ யூபிஐ பேமெண்ட்', 'ஆன் அட்வான்ஸ்'. அடையாள அட்டைக்கு 'ஆன் ஐடி புரூஃப்', 'ஆன் ஆதார் கார்டு', 'ஏ பாஸ்போர்ட்'.

எண்களில் ஆன் வாங்குபவை 8, 11, 18, 80 முதல் 89 வரை. 800, 8,000, 11,000, 80,000 என்று இவற்றைக் கொண்டு தொடங்குபவையும் சேரும். மற்றவை எல்லாம் ஏ. 1,800 போன்ற எண் மட்டும் நீங்கள் வாசிக்கும் விதத்தைப் பொறுத்தது: 'எய்ட்டீன் ஹண்ட்ரட்' என்று வாசித்தால் ஆன், 'ஒன் தவுசண்ட் எய்ட் ஹண்ட்ரட்' என்றால் ஏ. ஆண்டுகளை இரண்டிரண்டாகப் பிரித்து வாசிப்பதால், தனுஷ்கோடியை அழித்த புயலுக்கு முந்தைய பழைய படம் ஒன்றை மாட்டினால் அது 'ஏ 1963 ஃபோட்டோ'. 1880ஆம் ஆண்டுக் கட்டடம் 'ஆன் 1880 பில்டிங்'.

சுருக்கெழுத்துகளில் எழுத்து எழுத்தாகச் சொல்லப்படுபவற்றுக்கு முதல் எழுத்தின் பெயரைக் கேளுங்கள். ஏ, இ, எஃப், எச், ஐ, எல், எம், என், ஓ, ஆர், எஸ், எக்ஸ் என்ற இந்தப் பன்னிரண்டும் உயிரில் தொடங்குகின்றன. மற்ற பதினான்கும் மெய்யில் தொடங்குபவை, யூவும் அவற்றில் ஒன்று. நம் ஊரில் எச்சை 'ஹெச்' என்று சொல்பவர்கள் அதற்கு ஏ போட்டுவிடுவார்கள். பொதுவாக ஏற்கப்பட்ட ஒலிப்பு 'எய்ட்ச்' என்பதால் ஆன் போடுவதே நல்லது. சொல்லாகச் சேர்த்து வாசிக்கப்படும் சுருக்கம் சொல்லுக்கான விதிக்கே போகும்: 'ஆன் எஸ்எம்எஸ்', ஆனால் 'ஏ சிம் கார்டு', 'ஆன் என்ஜிஓ', ஆனால் 'ஏ நீட் சென்டர்'.

எழுதினால் மட்டும் போதாது, வருகிறவர்களிடம் பேசவும் வேண்டுமே. பள்ளியில் ஏ, ஆன் என்று நீட்டிச் சொல்லிக் கொடுத்தாலும், வாக்கியத்துக்குள் அவை 'அ', 'அன்' என்று குறுகி, அழுத்தமில்லாமல் வர வேண்டும். 'அன்'னின் னகரம் அடுத்த உயிரோடு ஒட்டும்: 'அனவர்', 'அனெய்ட்-சீட்டர்'. ஓர் ஊர் 'ஓரூர்' ஆவதுபோலத்தான். 'ஆன்' என்று நிறுத்தி, மூச்சு விட்டு, பிறகு 'ஹவர்' என்றால் அந்த னகரம் வந்த காரியமே கெட்டுவிடும். 'தி' என்ற சொல்லுக்கும் இதே காதுச் சோதனை உதவும்: உயிரொலிக்கு முன் 'தி', மெய்யொலிக்கு முன் 'த'. எழுத்தில் மாற்றமில்லை, உச்சரிப்பில் மட்டும்.

கடற்கரைப் பலகைகளுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். எண்ண முடியாத பொருளுக்கு இரண்டுமே வராது. மீன் பெட்டியில் போடும் ஐஸுக்கு 'ஏ ஐஸ்' என்பதும் தப்பு, 'ஆன் ஐஸ்' என்பதும் தப்பு. கட்டியாக எண்ணினால் 'ஏ பிளாக் ஆஃப் ஐஸ்'. இன்ஃபர்மேஷன், அட்வைஸ், எக்விப்மெண்ட் மூன்றும் உயிரில் தொடங்குகின்றன என்பதற்காக அவற்றுக்கு ஆன் போட்டுவிடாதீர்கள்.

மகளோடு உட்கார்ந்து பழக, சுவரில் இருக்கும் பள்ளி நாட்காட்டியும் வீட்டுப் பொருள்களும் போதும். பொருளை நீங்கள் காட்டுங்கள், ஏயோ ஆனோ சேர்த்து அவள் சொல்லட்டும். உடனே ஒரு பெயரடையை இடையில் நுழையுங்கள்: 'ஏ நெட்', 'ஆன் ஓல்டு நெட்', 'ஏ வெரி ஓல்டு நெட்'. தாளும் பேனாவும் வேண்டாம், எழுத்தைப் பார்த்தால் கண் குறுக்கே வரும். தடுமாறாமல் சொல்லத் தொடங்கியதும், பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் இருவரையும் அறிமுகப்படுத்தச் சொல்லுங்கள்: ஒன்று 'ஆன் எல்கேஜி சைல்டு', மற்றது 'ஏ யூகேஜி சைல்டு'.