மார்கழிக் குளத்தில் வெள்ளைப்புள்ளி

கேள்வி: பத்து சென்ட் குளத்தில் விரல் நீளக் கட்லா, ரோகு குஞ்சுகள் விட்டிருக்கிறோம். மார்கழி பிறந்ததிலிருந்து உடம்பில் ரவை தூவியதுபோல் வெள்ளைப் புள்ளிகள். தினமும் இருபது முப்பது செத்து மிதக்கின்றன. குளிர் தாங்காமல்தானா? உப்புப் போட்டால் போதுமா? (வாசகர், கிருஷ்ணகிரி மாவட்டம்)

பதில்: குளிர் மட்டும் காரணமில்லை. 20 டிகிரித் தண்ணீரில் கெண்டைக் குஞ்சு சாகாது. ஆனால் இரையெடுப்பு குறையும், நோயைத் தாங்கும் தெம்பும் இறங்கும். ரவை போலத் தெரிவது இக்தியோப்தீரியஸ் என்ற ஓரணு ஒட்டுண்ணி. 18 முதல் 25 டிகிரி வரைதான் அதற்குத் தோதான சூடு. உங்கள் பக்கத்து மார்கழித் தண்ணீர் அங்கேதான் வந்து நிற்கும்.

முதலில் உறுதிசெய்துகொள்ளுங்கள். செத்த மீன் வேண்டாம், ஒட்டுண்ணி அதைவிட்டு இறங்கியிருக்கும். கரையோரம் தள்ளாடும் குஞ்சை எடுத்து வெயிலில் சாய்த்துப் பிடியுங்கள். புள்ளி மேடாகத் தெரியும். தோலுக்கு அடியில் இருப்பதால் விரலால் வழித்தாலும் வராது. செவுள் மூடியைத் தூக்கினால் வெளிறிப்போய்ச் சளி படிந்திருக்கும்.

தோலுக்கு அடியில் இருக்கும்வரை எந்த மருந்தும் அதை எட்டாது. முதிர்ந்ததும் மீனைவிட்டு இறங்கி, குளத்தடியில் கூடு கட்டி, நூற்றுக்கணக்கான குட்டிகளாகப் பிரியும். அவை ஓரிரு நாளுக்குள் ஒரு மீனைப் பிடிக்க வேண்டும், இல்லையேல் சாகும். மருந்து கொல்வது நீந்தித் திரியும் இந்தக் குட்டிகளைத்தான். 24 டிகிரியில் ஒரு சுற்று முடிய நாலைந்து நாள் ஆகும். தண்ணீர் குளிரக் குளிர நாள் கூடும். ஒரே தடவை மருந்து போட்டுவிட்டு ‘கேட்கவில்லை’ என்று பலர் கைவிடுவது இதனால்தான்.

உப்புக் கணக்கைப் பாருங்கள். ஒரு சென்டில் ஒரு மீட்டர் ஆழத்துக்கு 40,000 லிட்டர். லிட்டருக்கு 3 கிராம் என்றால் சென்டுக்கு 120 கிலோ, உங்கள் குளத்துக்கு 1,200 கிலோ. கட்டுப்படியாகாது. உப்பு சிமெண்ட் தொட்டிக்குச் சரி: அதே 3 கிராம் அளவில் 7 முதல் 10 நாள் விட்டுவைக்கலாம். உப்புத் தண்ணீரில் இரண்டு நிமிடம் முக்கி எடுப்பது தோலடிப் புள்ளிக்குப் பயன்படாது.

குளத்துக்குப் பொட்டாசியம் பெர்மாங்கனேட், சென்டுக்கு 80 கிராம் (ஒரு மீட்டர் ஆழத்துக்கு). முன்னதாக வாளியில் சோதியுங்கள்: ஒரு லிட்டர் தண்ணீரில் 1 கிராம் கரைத்து, அதில் 20 மில்லியைப் பத்து லிட்டர் குளத்து நீரில் ஊற்றுங்கள். அரை மணிக்குள் பழுப்பாகிவிட்டால் குளத்தில் கழிவு அதிகம், மருந்தை அதுவே தின்றுவிடும். பாதித் தண்ணீரை மாற்றிய பிறகு போடுங்கள். வெயில் ஏறியதும் கரைத்துப் பரவலாகத் தெளிக்க வேண்டும். பாசி சாவதால் ஆக்சிஜன் இறங்கும். அன்றிரவு முழுக்க ஏரேட்டர் ஓடட்டும். நாலு நாள் இடைவெளியில் இன்னும் ஒருமுறையாவது தேவைப்படும்.

மாலகைட் பச்சை உண்ணும் மீனுக்குத் தடைசெய்யப்பட்ட மருந்து. கடைக்காரர் நீட்டினாலும் வாங்காதீர்கள்.

விடிகாலையில் போர்வெல் தண்ணீரைத் தூவலாக விழும்படி விடுங்கள். குளத்து நீரைவிட அது சூடாக இருக்கும். தூவி விழுந்தால்தான் காற்றும் கலக்கும். தீவனத்தை உடல் எடையில் 1 சதவீதமாகக் குறைத்து, பத்து மணிக்கு மேல் கொடுங்கள்.

கேள்வி: ஒரே குளத்தில் சிறிய குஞ்சுகள் மட்டும் முதலில் சாவது ஏன்?

பதில்: சின்ன உடம்பில் சேமித்த கொழுப்பு குறைவு, எடைக்கு எடை அதன் செலவோ அதிகம். இரையெடுக்காத நாட்களில் அந்தக் கொழுப்புதான் சோறு. ஒட்டுண்ணியும் சேர்ந்துகொண்டால் இருப்பு சீக்கிரம் கரையும். அமெரிக்காவில் புளூகில் என்ற நன்னீர் மீனில் இதை ஆராய்ந்திருக்கிறார்கள்: கரும்புள்ளிப் புழு என்ற இன்னொரு ஒட்டுண்ணியின் கூடுகள் மிகுந்த குஞ்சுகள் கொழுப்பு தீர்ந்து முதல் குளிர்காலத்தைத் தாண்டவில்லை. அதனால் ஐப்பசி, கார்த்திகையிலேயே தவிடும் கடலைப் பிண்ணாக்கும் சரிபாதியாகக் கலந்து கொடுத்துத் தேற்றிவிடுங்கள். மார்கழியில் வலை போட்டுக் குஞ்சு மாற்றாதீர்கள். உரசிய இடத்தில் புண் வந்தால் ஆறாது.

கேள்வி: மீன் பேனுக்கு மருந்தில்லாத வழி உண்டா?

பதில்: உண்டு. பேன் முட்டையிடக் கெட்டியான பரப்பைத் தேடும். குளத்தில் ஆங்காங்கே மூங்கில் கழி நடுங்கள். வாரம் ஒருமுறை பிடுங்கி, வரிசையாக ஒட்டியிருக்கும் முட்டைகளைச் சுரண்டி, ஒரு நாள் முழுக்க வெயிலில் காயவைத்துத் திரும்ப நடுங்கள். பக்கத்துக் குளத்தில் போட்ட வலையையும் காயாமல் இறக்கக் கூடாது.