ஹாவர்த் குருமனை: ஒரு கடிதம்

வணக்கம். இங்கிலாந்தின் ஹாவர்த்தில் ப்ராண்டே சகோதரிகள் வாழ்ந்த குருமனை (பாதிரியார் குடியிருக்கும் வீடு) பற்றி எழுதியிருந்தீர்கள். அவர்களுடைய நாவல்களே கையில் இருக்கும்போது கல் வீட்டைக் கட்டிக்காப்பது எதற்கு? காப்பதென்றாலும், பின்னால் வந்த பாதிரியார் சேர்த்த பகுதியை இடித்துப் பழைய வடிவுக்குக் கொண்டுவந்திருக்கலாமே?

அன்புள்ள நண்பருக்கு,

அது அவர்களுடைய சொந்த வீடு இல்லை, அங்கிருந்து தொடங்குகிறேன். குருமனை பதவியோடு வருவது, பதவியோடு போவது. 1820-இல் அவர்களுடைய அப்பா, பாதிரியார் பாட்ரிக் ப்ராண்டே, மனைவியோடும் ஆறு பிள்ளைகளோடும் அங்கே குடிவந்தார். அப்பா கண்ணை மூடினால் பெண்களுக்குக் கூரை கிடையாது. பிடிக்காத கவர்னஸ் வேலைக்கு (பிறர் வீட்டில் தங்கிப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் வேலை) அவர்கள் ஏன் போனார்கள், 1844-இல் அந்த வீட்டிலேயே பள்ளி நடத்த ஏன் முயன்றார்கள் (ஒரு மாணவிகூட வரவில்லை) என்பதெல்லாம் இதை வைத்துப் பார்த்தால்தான் எனக்குப் புரிகிறது.

ஆனால் ஆறு பிள்ளைகளும் அப்பாவுக்கு முன்பே இறந்துபோனார்கள். 1861-இல் அவரும் போனபின், சகோதரிகளில் ஒருவரான சார்லட்டின் கணவருக்கு, அவர் அங்கே துணைப் பாதிரியாராக இருந்தும், அந்தப் பதவி கிடைக்காததால் வீட்டைக் காலி செய்ய வேண்டியதாயிற்று, சாமான்கள் ஏலத்துக்குப் போயின. சகோதரிகள் உட்கார்ந்து எழுதிய, இரவில் சுற்றிச் சுற்றி நடந்தபடி கதை பேசிய சாப்பாட்டு மேசை 2015-இல்தான், இப்போது அந்த வீட்டில் இருக்கும் அருங்காட்சியகத்துக்குச் சொந்தமானது.

அப்புறம், வீட்டுக்கு முன்னாலேயே கல்லறைத் தோட்டம். 1850-இல் வெளியான, சுகாதார ஆய்வாளர் பாபேஜின் அறிக்கைப்படி அவ்வூரில் இறந்தவர்களின் சராசரி வயது 25.8, நூற்றுக்கு நாற்பதுக்கும் மேல் ஆறு வயது நிறையாத குழந்தைகள். ஊருக்கு நல்ல தண்ணீர் வேண்டுமென்று மனுப்போட்டு அந்த ஆய்வை வரவழைத்தவர்களில் முன்னால் நின்றவர் பாட்ரிக். ஒரு பாதிரியாரின் வேலை என்னவாக இருந்தது என்பதை அந்த வாசலும் கல்லறைகளும் சேர்ந்து காட்டுகிற மாதிரி நாவல் காட்டாது.

சரி, இடிக்கிற விஷயம். 1870-களில் வடபக்கம் முக்கோண முகப்போடு ஒரு பகுதியைக் கட்டியவர் பாட்ரிக்குக்குப் பின் வந்த பாதிரியார் ஜான் வேட். பழைய தேவாலயத்தையும், கோபுரம் தவிர, 1879-இல் இடித்துப் புதிதாகக் கட்டியவர் அவர்தான். எதிர்ப்பு அப்போதே இருந்தது, எனக்கும் அதில் வருத்தமே. அதற்காக அவர் கட்டியதை நாமும் இடிப்பதா? ஒருவர் போனால் அடுத்தவர் குடிவருவதுதானே குருமனை! 1928-இல் சர் ஜேம்ஸ் ராபர்ட்ஸ் விலைக்கு வாங்கி ப்ராண்டே சங்கத்துக்குக் கொடுக்கும்வரை அது பாதிரியார்கள் குடியிருந்த வீடு.