அகலப்பாதை வந்தது, சரக்கு வந்ததா?

ரயில் பாதைகளை அகலப்படுத்துவது குறித்தும் அவற்றில் செல்லும் சரக்கு குறித்தும் வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

*நாகப்பட்டினத்திலிருந்து திருச்சி செல்லும் பாதை முதன்முதலில் அகலப்பாதையாகத்தான் போடப்பட்டது என்று எங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவர் சொல்கிறார். அது உண்மையானால், பிறகு அதை ஏன் குறுக்கினார்கள்?*
– வாசகர், நாகப்பட்டினம்

பெரியவர் சொன்னது சரி. கிரேட் சதர்ன் ஆஃப் இந்தியா ரயில்வே என்ற நிறுவனம் நாகப்பட்டினத்திலிருந்து 1861-இல் தஞ்சாவூருக்கும் 1862-இல் திருச்சிக்கும் அமைத்த பாதை, 1,676 மில்லிமீட்டர் அகலம் கொண்டதாகவே இருந்தது. கவர்னர் ஜெனரல் டல்ஹவுசி காலத்தில் இந்தியா முழுவதற்கும் தேர்ந்தெடுக்கப்பட்ட அளவு அது. 1870-இல் வைஸ்ராய் மேயோ பிரபுவின் அரசு, செலவைக் குறைக்க வேண்டும் என்ற நோக்கத்துடன், கிளைப் பாதைகளுக்கு ஒரு மீட்டர் அகலம் போதும் என்று முடிவெடுத்தது. மண்மேடு, பாலம், தண்டவாளம் எல்லாமே சிறியதாகவும் இலேசாகவும் இருந்தால் குறைந்த பணத்தில் அதிகத் தூரத்துக்குப் பாதை போடலாம் என்பது அவர்களுடைய கணக்கு. அந்த முடிவின் விளைவாக, நன்றாக ஓடிக்கொண்டிருந்த நாகப்பட்டினம்–திருச்சி பாதையும் 1875-இல் மீட்டர்கேஜாகக் குறுக்கப்பட்டது. அதை மீண்டும் பழைய அகலத்துக்குக் கொண்டுவர நூறாண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

அன்றைய கணக்கு முழுவதும் தவறு என்று நான் சொல்லமாட்டேன். மீட்டர்கேஜ் இல்லாவிட்டால் தென் மாவட்டங்களின் பல ஊர்கள் இன்னும் பல பத்தாண்டுகள் ரயிலுக்காகக் காத்திருந்திருக்கும். ஆனால் இரண்டு அகலங்கள் சந்திக்கும் இடத்தில் சரக்குக்கு என்ன ஆகும் என்பதற்கு அந்தக் கணக்கில் இடம் தரப்படவில்லை.

*இரண்டு அகலங்கள் சந்திக்கும் நிலையத்தில் பயணிகள் இறங்கி மாறிக்கொள்வார்கள். சரக்கை என்ன செய்தார்கள்?*
– கல்லூரி மாணவி, சேலம்

உங்கள் ஊரிலேயே அது நடந்தது. சென்னையிலிருந்து கேரளம் செல்லும் அகலப்பாதையும், விருத்தாசலம் வழியாகக் கடலூர் செல்லும் மீட்டர்கேஜும் சேலத்தில் சந்தித்தன. காட்பாடி, திருச்சி, பாலக்காடு ஆகிய சந்திப்புகளிலும் இதே நிலைதான். அகலப்பாதை வேகன் ஒரு மேடையின் ஒரு பக்கத்திலும், மீட்டர்கேஜ் வேகன் மறுபக்கத்திலும் நிற்க, மூட்டைகளைச் சுமைதூக்குவோர் ஒன்றிலிருந்து இறக்கி மற்றொன்றில் ஏற்ற வேண்டும். நிலக்கரி போன்ற சரக்கைக் கூடையிலும் மண்வெட்டியிலும் வாரிப்போட வேண்டும். இறக்கும் வேகனுக்கு ஈடாக ஏற்றும் வேகன் அதே நேரத்தில் கிடைக்காவிட்டால் இரண்டுமே காத்து நிற்கும். கூலி, சிதறல், மழையில் நனைதல், களவு என்று இழப்புகள் பல. அவற்றையெல்லாம்விடப் பெரிய இழப்பு, ஓட வேண்டிய வேகன் நின்றுகொண்டிருந்ததுதான்.

இதற்கு மேல் எடைக் கட்டுப்பாடும் இருந்தது. நான்கு அச்சுகள் கொண்ட அகலப்பாதை வேகனில் ஓர் அச்சு 20.32 டன் தாங்கும் என்றால், வேகனும் சரக்குமாகச் சேர்ந்து 81 டன் வரை போகலாம், இன்று 22.9 டன், 25 டன் தாங்கும் பாதைகளும் உள்ளன. மீட்டர்கேஜ் பாதையின் தாங்குதிறன் இதைவிட மிகக் குறைவு. 1992-இல் சி. கே. ஜாபர் ஷெரீப் ரயில்வே அமைச்சராக இருந்தபோது நாடு முழுவதையும் ஒரே அகலத்துக்குக் கொண்டுவரும் திட்டம் தொடங்கியது. அப்போது ஏறத்தாழ 23,000 கிலோமீட்டர் மீட்டர்கேஜ் இருந்தது. அந்தத் திட்டத்தின் முதன்மையான நியாயம் சரக்குதான் என்பதை நாம் மறந்துவிடுகிறோம்.

*மூன்றாவதாக ஒரு தண்டவாளம் போட்டு இரண்டு வகை வண்டிகளையும் ஓட்டியிருக்கலாமே?*
– வாசகர், விருத்தாசலம்

முடியும். வங்கதேசத்தில் அப்படிப்பட்ட பாதைகள் நிறைய உள்ளன. 1998-இல் திறக்கப்பட்ட யமுனைப் பாலத்தின் மீதும் அவ்வகைப் பாதையே போடப்பட்டது. ஆனால் பாலமும் மண்மேடும் எப்படியும் அகலப்பாதையின் எடையைத் தாங்கியாக வேண்டும் என்பதால் பெரும் செலவு குறையாது. வண்டி ஒரு பாதையிலிருந்து மற்றொன்றுக்கு மாறும் பாயிண்ட் அமைப்புகளும் இரட்டிப்புச் சிக்கலாகும். மீட்டர்கேஜ் எஞ்சின்களையும் வேகன்களையும் பணிமனைகளையும் தொடர்ந்து பராமரிக்க வேண்டியிருக்கும். சில ஆண்டு இடைக்கால ஏற்பாடாக அது பயன்படலாம், நிரந்தரத் தீர்வாகாது.

*மதுரை–போடி பாதை தொண்ணூறு கிலோமீட்டர்தான். அதை மாற்றப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஆனது ஏன்? வேலை முடியும்வரை பழைய வண்டியை ஓட்டியிருக்கக் கூடாதா?*
– ஏலக்காய் வணிகர், தேனி மாவட்டம்

உங்கள் கோபம் நியாயமானது. 2010-ஆம் ஆண்டின் இறுதியில் மீட்டர்கேஜ் வண்டி நிறுத்தப்பட்டது. 2022 மே மாதம் தேனிக்கும், 2023 ஜூன் மாதம் போடிக்கும் அகலப்பாதை வண்டி வந்தது.

பாதையை அகலப்படுத்துவது என்பது தண்டவாளத்தை நகர்த்திவைக்கும் வேலை அன்று. தண்டவாளங்களைக் குறுக்கே தாங்கும் அகலப்பாதையின் கான்கிரீட் ஸ்லீப்பர் 2.75 மீட்டர் நீளம் கொண்டது. அதற்கும் அதன் இருபுறமும் கொட்டும் ஜல்லிக்கும் ஏற்ப மண்மேட்டை அகலப்படுத்தி, புது மண் பழைய மண்ணோடு இறுகும்படி அழுத்த வேண்டும். சிறு பாலங்கள் பெரும்பாலும் புதிதாகக் கட்டப்படும். மீட்டர்கேஜில் 109 மீட்டர் ஆரம் வரை வளைவு அனுமதிக்கப்பட்டது. அகலப்பாதையில் 175 மீட்டருக்குக் குறையக் கூடாது. அதனால் மலைப்பகுதிகளில் பாதையின் போக்கையே மாற்ற வேண்டிவரும். உசிலம்பட்டிக்கும் ஆண்டிபட்டிக்கும் நடுவே கணவாயில் பாறையைக் குடைந்த பழைய வெட்டுப்பகுதியையும் அகலப்படுத்த வேண்டியிருந்தது.

ஆயினும் இவை எதுவும் பன்னிரண்டு ஆண்டு வேலை அல்ல. அசாமின் லும்டிங்–சில்சார் பாதை இதைவிட இரு மடங்குக்கு மேல் நீளமானது. பராக் பள்ளத்தாக்குக்குச் செல்லும் மலைப்பாதை. ஏராளமான சுரங்கங்களும் உயர்ந்த பாலங்களும் கொண்டது. 1990-களில் தொடங்கிய அந்த வேலையும் நீண்ட காலம் இழுத்தது என்றாலும், பழைய மீட்டர்கேஜ் வண்டி அதுவரை ஓடிக்கொண்டே இருந்தது. புதிய போக்கில் சுரங்கங்களும் பாலங்களும் தனியே தயாரான பிறகே, 2014 அக்டோபரில் பழைய பாதையை மூடினார்கள். இணைக்கும் வேலையை ஏறத்தாழ ஆறு மாதத்தில் முடித்து, 2015 மார்ச்சில் சரக்கு வண்டியை முதலில் ஓட்டினார்கள். திரிபுராவுக்கும் மிசோரத்துக்கும் அரிசியும் எரிபொருளும் அந்த வழியில்தான் செல்ல வேண்டும் என்பதால் நீண்ட நாள் மூடி வைக்க எவருக்கும் துணிவில்லை. போடிப் பாதைக்கு அப்படி ஒரு கட்டாயம் இருக்கவில்லை. வேலைக்கான பணம் ஆண்டுதோறும் சிறிது சிறிதாக ஒதுக்கப்பட்டது. மூடிய பாதையில் வேலை நகராமல் கிடந்தது. முதலில் மூடிவிட்டுப் பிறகு பணம் தேடும் முறையையே நான் கண்டிக்கிறேன். முழுத் தொகையும் உறுதியாகும்வரை ஓடும் வண்டியை நிறுத்தக் கூடாது.

குஜராத்தைப் பாருங்கள். சுரேந்திரநகரிலிருந்து பீப்பாவாவ் துறைமுகம் வரையிலான பாதையும், பாலன்பூர்–காந்திதாம் பாதையும், துறைமுகங்களின் பங்கு முதலீட்டுடன் தனி நிறுவனங்கள் தொடங்கப்பட்டு, முறையே 2003-இலும் 2006-இலும் அகலப்பாதையாயின. சரக்கு வருவது உறுதி என்றால் பணம் தானாக முன்வருகிறது.

*திருத்துறைப்பூண்டியிலிருந்து அகஸ்தியம்பள்ளிவரை 2023 ஏப்ரலில் மீண்டும் ரயில் வந்தது. எங்கள் உப்பு முன்போல ரயிலில் செல்ல வேண்டுமானால் அகலப்பாதை மட்டும் போதுமா?*
– உப்பு உற்பத்தியாளர், வேதாரண்யம்

போதாது. இந்தக் கேள்வியை நீங்கள் கேட்டதற்கு நன்றி. கிளைப் பாதைகள் உள்ள ஊர்கள் எல்லாமே கேட்க வேண்டிய கேள்வி இது.

1930 ஏப்ரல் 30 அன்று ராஜாஜி தலைமையில் உப்பு அள்ளப்பட்ட அகஸ்தியம்பள்ளிக்கு, உப்பை ஏற்றிச் செல்லவும் ரயில் பாதை பயன்பட்டுவந்தது. மீட்டர்கேஜ் காலத்தில் ஒரு வணிகர் ஒரே ஒரு வேகனைப் பதிவுசெய்து, தொலைவிலுள்ள சிறிய ஊர் ஒன்றுக்கும் உப்பு அனுப்ப முடிந்தது. அங்கங்கே வேகன்களைக் கழற்றியும் சேர்த்தும் வண்டிகள் போயின. 1980-களிலிருந்து ரயில்வே அந்த முறையைப் படிப்படியாகக் கைவிட்டு, ஒரே இடத்தில் ஏற்றி ஒரே இடத்தில் இறக்கும் முழு ரேக் (ஒரு வண்டியாகக் கோத்த வேகன்களின் தொகுதி) முறைக்கு மாறியது. நாடு தழுவிய பார்வையில் அது வேகன்களின் சுழற்சியை விரைவுபடுத்தியது உண்மை. ஆனால் சிறு உற்பத்தியாளருக்கு ரயிலின் கதவு அன்றே மூடப்பட்டுவிட்டது. அகலப்பாதை வந்தபோது மூடிய கதவின் முன்னே புதுத் தண்டவாளம் போடப்பட்டது, அவ்வளவுதான்.

மூடிய வேகன்கள் கொண்ட முழு ரேக் என்றால் நாற்பதுக்கு மேற்பட்ட வேகன்கள். அவற்றை நிரப்ப ஈராயிரம் டன்னுக்கு மேல் உப்பு ஒரே நாளில், ஒரே இடத்தில், மூட்டைகளாகத் தயாராக இருக்க வேண்டும். குறித்த மணிநேரத்துக்குள் ஏற்றி முடிக்காவிட்டால் தாமதக் கட்டணம். அதற்கு, வண்டி முழு நீளத்துக்கும் நிற்கக்கூடிய தனிப் பாதையும், லாரி வந்து திரும்பும் அகலமான தளமும், மழை படாத கூரையும் வேண்டும். உப்பு இரும்பை அரிக்கும் என்பதால் கழுவி வடிக்கும் வசதியும் தேவை. பாதையை மாற்றும்போது கிளைப் பாதைகளில் பல நிலையங்களின் கூடுதல் பாதைகளையும், சரக்கு ஏற்றி இறக்கும் குட்ஷெட்டுகளையும் செலவு கருதி அகற்றி, அவற்றை வெறும் நிறுத்தங்களாக ஆக்கிவிடுவது நம் ஊர்களில் வழக்கமாகியிருக்கிறது. 2019-இல் முழுமையாகத் திறக்கப்பட்ட திருவாரூர்–காரைக்குடி பாதையில் கேட்களுக்குப் போதிய ஆட்கள் இல்லாததால், 149 கிலோமீட்டரைக் கடக்கப் பயணிகள் வண்டிக்கே தொடக்கத்தில் ஆறு மணி நேரம் ஆயிற்று. அப்படிப்பட்ட பாதையில் வணிகர் எந்த நம்பிக்கையில் சரக்கை ஒப்படைப்பார்?

ஆகவே கோரிக்கை மனுவில் ‘உப்புக்கு ரயில் வேண்டும்’ என்று பொதுவாக எழுதாதீர்கள். உற்பத்தியாளர்கள் கூட்டுறவாகச் சேர்ந்து, எந்த மாதங்களில் எத்தனை டன், எந்த ஊருக்கு என்பதை எழுத்தில் கொடுங்கள். ஏறத்தாழ இருபது வேகன்கள் கொண்ட சிறு ரேக்குக்கும், ஒரே ரேக்கை இரண்டு நிலையங்களில் பகிர்ந்து இறக்கும் முறைக்கும் ரயில்வே விதிகளில் நிபந்தனைகளுடன் இடம் இருக்கிறது. உங்களுக்குப் பொருந்துவது அவையே. அவற்றை ஏற்கும் அளவுக்கான பாதை நீளத்தையும் மேடையையும் கேளுங்கள்.

*நெல் ஏற்றும் சரக்கு வண்டியால் எங்கள் ஊர் ரயில்வே கேட் நீண்ட நேரம் மூடிக் கிடக்கிறது. சரக்கு ரயில் வேண்டும் என்று நீங்கள் எழுதுகிறீர்களே, எங்கள் நிலையை யோசித்தீர்களா?*
– வாசகர், நீடாமங்கலம்

யோசித்தேன். உங்கள் ஊரிலும் மன்னார்குடியிலும் தஞ்சாவூரிலும் அறுவடைக் காலத்தில் சுமார் 2,000 டன் நெல் ஒரே வண்டியில் ஏற்றப்பட்டு வெளிமாவட்ட அரவை ஆலைகளுக்குப் போகிறது. அதே நெல்லுக்கு இருநூறு லாரிகள் தேவைப்படும். டெல்டாவுக்கு அகலப்பாதை தந்த மிகப் பெரிய நன்மை இதுவென்றே கருதுகிறேன். உங்கள் இடர்ப்பாட்டுக்குக் காரணம் சரக்கு அன்று. ஊருக்கு நடுவில் இருக்கும் ஏற்றுமிடம். மீட்டர்கேஜின் குறுகிய வண்டிகளுக்காக அமைந்த நிலையத்தில், அதைவிட மிக நீண்ட ரேக்கைப் பிரித்தும் கோத்தும் எஞ்சினை முன்பின் மாற்றியும் இயக்கும்போது அது கேட்டைக் கடந்து நிற்கத்தான் செய்யும். மேம்பாலம் ஒரு பாதித் தீர்வு. ஏற்றும் தளத்தை ஊருக்கு வெளியே, முழு ரேக்கும் பிரிக்காமல் நிற்கும் நீளத்துடன், நெல் கிடங்கை ஒட்டி அமைக்க வேண்டும் என்பதை மேம்பாலக் கோரிக்கையோடு சேர்த்தே கேளுங்கள். அப்போது மூட்டையைக் கிடங்கிலிருந்து லாரியில் ஏற்றி மீண்டும் இறக்கும் கூலியும் மிச்சமாகும்.