ஓர்மை தவறிய வீடுகள்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

நம் குமரி மாவட்டத்தில் ஞாபகம் என்று யாரும் சொல்வதில்லை, ஓர்மைதான். 'அம்மைக்கு ஓர்மை கொஞ்சம் கம்மியாட்டு இருக்கு, வயசாச்சில்லா' என்றுதான் என்னிடம் வருபவர்கள் பேச்சை ஆரம்பிப்பார்கள். அந்த 'வயசாச்சில்லா'விலேயே இரண்டு மூன்று வருடம் கழிந்திருக்கும். அல்சைமர் போன்ற மறதி நோய்களைப் பற்றி இந்த மாதம் வந்த கேள்விகளில் மருந்தைப் பற்றியவை குறைவு. வீட்டாரையும் ஊராரையும் எப்படிச் சமாளிப்பது என்பவைதான் அதிகம்.

அப்பாவுக்கு 78 வயது. நாற்பது வருடம் ரப்பர் பால் வெட்டியவர். அல்சைமர் என்று சொல்லிவிட்டார்கள். இப்போது ராத்திரி 2 மணிக்கு எழுந்து 'வெட்டுக்குப் போணும்' என்று கத்தியைத் தேடுகிறார். தோட்டத்தை விற்று எட்டு வருடம் ஆகிறது என்று சொன்னால் சண்டைக்கு வருகிறார். போன வாரம் கதவைத் திறந்து வெளியே போய்விட்டார். பூட்டி வைக்கலாமா? – மகன், குலசேகரம்

முதலில், தோட்டத்தை விற்ற கதையை இனிமேல் சொல்லாதீர்கள். நீங்கள் நூறாவது தடவை சொல்லலாம், அவர் கேட்பது ஒவ்வொரு தடவையும் முதல் தடவை. இந்த நோய் பெரும்பாலும் மூளையில் புதிய விஷயங்களைப் பதியவைக்கும் இடத்தைத்தான் முதலில் தாக்குகிறது. கை பழகிய வேலை கடைசியில்தான் போகும். அருமனைப் பக்கம் ஒரு பெரியவரைப் பார்க்கப் போயிருந்தேன். மகன் பெயர் அவருக்கு வரவில்லை. சும்மா பார்க்கலாமே என்று ஒரு மழுங்கிய தகட்டைக் கையில் கொடுத்தேன். திண்ணைத் தூணுக்குப் போய், காய்ந்து ஒட்டியிருக்கும் பாலை உரிப்பதுபோல் ஒன்றுமில்லாததை உரித்து, உருட்டி மடியில் போட்டுக்கொண்டார். அப்புறம் இடது மேலிருந்து வலது கீழாக ஒரே சரிவில் ஒரு கோடு இழுத்தார். சரிவு அச்சாக இருந்தது.

ஆகவே ராத்திரி எழுந்தால், 'மழை பெஞ்சு மரம் நனைஞ்சு கிடக்கு அப்பா, விடிஞ்சு பாப்போம்' என்று சொல்லிப் பாருங்கள். ஈர மரத்தில் வெட்ட மாட்டார்கள் என்பது அவருக்கு நன்றாகவே தெரியும். இது பொய்தானே என்று சிலர் தயங்குகிறார்கள். நான் தயங்குவதில்லை. சாயங்காலத்துக்குப் பிறகு சாயா கொடுக்க வேண்டாம். பகலில் தூங்கவிடாமல் நடக்க வையுங்கள், சிரட்டை அடுக்குவதுபோல் ஏதாவது வேலை கொடுங்கள். நிஜக் கத்தி வீட்டிலேயே இருக்கக் கூடாது.

பூட்டுவது பற்றி: அவரைத் தனியே உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு எல்லோரும் வெளியே போவது கூடவே கூடாது. தீப்பிடித்தாலும் விழுந்தாலும் கேட்க ஆள் இருக்காது. வீட்டில் ஆள் இருக்கும்போது, கதவின் மேல்பக்கம் கண் போகாத உயரத்தில் ஒரு கொண்டியும், திறந்தால் கிலுங்குகிற ஒரு மணியும் போதும். அதைவிட அவசரம் கிணறு. நம் வீடுகளில் பலவற்றில் கைப்பிடிச் சுவர் இடுப்புக்குக் கீழேதான் இருக்கிறது. இந்த வாரமே இரும்புக் கம்பி வலை போட்டு மூடுங்கள்.

சட்டைப் பையின் உள்பக்கம் உங்கள் போன் நம்பரைத் துணியில் எழுதித் தைத்துவிடுங்கள். சாயாக் கடை, ஆட்டோ ஸ்டாண்டு, பஸ் ஸ்டாப்பு எல்லா இடத்திலும் சொல்லி வையுங்கள். மறைக்க மறைக்க ஆபத்துதான் கூடும். காணாமல் போனால் உடனே 112. 24 மணி நேரம் பார்த்துவிட்டுத்தான் புகார் கொடுக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. முதலில் கிணறு, குளம், கால்வாய் என்று தேடுங்கள், அடுத்து அந்தப் பழைய தோட்டம்.

இரண்டே நாளில் திடீரென்று இப்படி மோசமானால், அது நோய் முற்றியதால் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். சிறுநீர்த் தொற்றோ மலச்சிக்கலோ கூட இப்படிச் செய்யும். மருத்துவரிடம் காட்டுங்கள்.

அண்ணன் துபாயில் இருக்கிறான். வாரத்துக்கு ஒரு நாள் பத்து நிமிடம் வீடியோவில் பேசுகிறான். அம்மா 'நல்லா இருக்கேன் மக்ளே, நீ சாப்பிட்டியா' என்று அழகாகப் பேசிவிடுகிறாள். 'அம்மைக்கு ஒண்ணும் இல்ல, நீதான் பெருசாக்குற' என்கிறான் அவன். – மகள், மார்த்தாண்டம்

பத்து நிமிடத்துக்கு எல்லா அம்மாவும் நன்றாகத்தான் இருப்பாள். 'சாப்பிட்டியா' என்று கேட்க ஓர்மை தேவையில்லை, அறுபது வருடப் பழக்கம் போதும். போனை வைத்த பிறகு யார் பேசினது என்று கேட்டுப் பாருங்கள்.

அண்ணனிடம் வாதாடிப் பயனில்லை, எழுதி வையுங்கள். ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, தேதி போட்டு நடந்ததை மட்டும் எழுதுங்கள். 'செவ்வாய், கேஸைத் திறந்துவிட்டுப் பற்ற வைக்கவில்லை.' 'வியாழன், குளித்ததை மறந்து மூன்று தடவை குளித்தாள்.' 'ரொம்ப மறதி' என்று எழுதினால் யாருக்கும் உதவாது. அந்த நோட்டு அண்ணனைவிட மருத்துவருக்குத்தான் அதிகம் பயன்படும். அடுத்த லீவில் அவன் வரும்போது மூன்று நாள் அம்மாவை அவன் பொறுப்பில் விட்டுவிட்டு நீங்கள் எங்கேயாவது போய்விட்டு வாருங்கள். இதை நான் பலருக்குச் சொல்லியிருக்கிறேன். மூன்றாவது நாள் வரை தாக்குப்பிடித்த அண்ணன்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

பரிசோதனை இன்னும் செய்யவில்லை என்றால் அதுதான் முதல் வேலை. தைராய்டு குறைவு, பி12 குறைவு, மனச்சோர்வு, விழுந்து அடிபட்டு மண்டைக்குள் கட்டிய ரத்தம், இவையும் மறதியைக் கொண்டுவரும், இவற்றைச் சரி செய்ய முடியும். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகலாம். திருவனந்தபுரம் ஸ்ரீசித்ரா மருத்துவமனையில் ஞாபக மறதிக்கென்றே தனிக் கிளினிக் இருக்கிறது.

மாமி என்னை நகை திருடி என்கிறார். சங்கிலியைத் தானே எங்கோ வைத்துவிட்டு, தெரு முழுக்கச் சொல்லிவிட்டார். பெற்ற தாய்போல் பார்த்துக்கொள்கிறேன். தூக்கமே வரவில்லை. – மருமகள், திங்கள்நகர்

1901இல் பிராங்பர்ட்டில் டாக்டர் அல்சைமர் பார்த்த அந்த முதல் நோயாளிக்கும் ஆரம்பத்தில் வந்தது கணவர் மீதான சந்தேகம்தான். வைத்த இடம் மறந்துபோகிறது, பொருளைக் காணவில்லை, அப்படியானால் யாரோ எடுத்திருக்க வேண்டும். இப்படித்தான் கணக்குப் போடுகிறது அந்த மூளை. 'யாரோ' என்பது எப்போதும் பக்கத்திலேயே இருப்பவள். கூடவே இருந்து பார்க்கிறீர்கள், அதனால்தான் திருடி.

'நான் எடுக்கலை' என்று நிரூபிக்கப் போகாதீர்கள். 'சங்கிலி காணலியா மாமி, வாங்க தேடுவோம்' என்று சேர்ந்து தேடுங்கள். அரிசிப் பானை, தலையணை உறை, பழைய பிளவுஸ் மடிப்பு, எங்கே ஒளித்து வைப்பார் என்பது ஒரு மாதத்தில் உங்களுக்கே பிடிபடும். நிஜ நகையை லாக்கரில் வைத்துவிட்டு, அதே மாதிரி ஒரு கவரிங் சங்கிலியைக் கழுத்தில் போட்டுவிடுங்கள்.

தெருவுக்கு விளக்கம் சொல்லும் வேலை உங்களுடையதில்லை, உங்கள் கணவருடையது. அவர் நாலு வீட்டுக்குப் போய், 'அம்மைக்கு மூளையில ஒரு நோய், இப்படித்தான் சொல்லுவா, என் பொண்டாட்டி எடுக்கலை' என்று தன் வாயால் சொல்ல வேண்டும். இதற்குத் தயங்கும் ஆண்களிடம் எனக்குக் கொஞ்சமும் பொறுமை இல்லை. தூக்கம் வராதது தொடர்ந்தால் 14416க்குப் பேசுங்கள். டெலி மானஸ் என்கிற அரசு மனநல உதவி எண் அது, இலவசம், தமிழிலேயே பேசலாம்.

பாட்டிக்கு 87. திடீரென்று மலையாளத்தில் பேசுகிறாள். சந்தைக்குப் போகச் சக்கரம் கேட்கிறாள். பயமாக இருக்கிறது. – பேரன், தக்கலை

பயப்பட ஒன்றுமில்லை. அவள் பள்ளிக்கூடம் போன காலத்தில் இது திருவிதாங்கூர். 1956 நவம்பர் 1க்குப் பிறகுதான் நாம் தமிழ்நாடு. சக்கரம் என்பது அந்தக் காலத்துத் திருவிதாங்கூர்க் காசு, 28 சக்கரம் ஒரு ரூபாய் என்று கணக்குப் படித்திருப்பாள். நோய் பின்பக்கமாக நடக்கிறது, அவள் இப்போது நிற்கும் இடத்தில் நீ இன்னும் பிறக்கவில்லை. பேரன் என்று நிரூபிக்க வேண்டாம். பழைய செப்புக் காசு நாலு கிடைத்தால் கையில் கொடு, எண்ணட்டும். 'எந்தச் சந்தை பாட்டி?' என்று கேள். நல்ல கதை கிடைக்கும்.

அப்பாவிடம் பவர் எழுதி வாங்கினால் பென்ஷன், நிலம் எல்லாவற்றையும் நான் பார்த்துக்கொள்ளலாம் அல்லவா? – மகன், நாகர்கோவில்

பலரும் ஏமாறும் இடம் இது. எழுதிக் கொடுத்தவர் சித்த சுவாதீனம் இழந்தால் பவர் முடிந்துபோகிறது. 1872ஆம் வருட ஒப்பந்தச் சட்டத்தின் 201ஆம் பிரிவு அதைத்தான் சொல்கிறது. வேலை நடக்க வேண்டிய நேரத்தில்தான் அது செல்லாமல் போகும். 2017ஆம் வருட மனநலச் சட்டப்படி அவர் ஒரு பிரதிநிதியை நியமிக்கலாம். ஆனால் அது சிகிச்சை முடிவுகளுக்கு மட்டும், சொத்துக்கு ஆகாது.

நோய் ஆரம்பத்தில் இருந்து, அப்பாவுக்குப் புரிந்து சொல்ல முடிகிறது என்றால் இப்போதே வங்கிக் கணக்கைக் கூட்டுக் கணக்காக மாற்றுங்கள். உயில் எழுதுவதானால் அன்றைய தேதியில் மருத்துவர் சான்றிதழோடு எழுதட்டும். கூடப் பிறந்தவர்கள் எல்லோரும் அறிய நடக்கட்டும். முற்றிய பிறகு கைநாட்டு வாங்கிப் பதிவு செய்யலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், அந்தப் பத்திரம் கோர்ட்டில் நிற்காது. அந்தக் கட்டத்தில் நல்ல வழி, ஒரு வழக்கறிஞரைப் பார்த்துக் காப்பாளர் நியமனம் கேட்பதுதான். காலமும் காசும் ஆகும்.

அம்மாவுக்கு வந்தால் எனக்கும் வருமா? புதிதாக ஊசி வந்திருக்கிறதாமே? – மகள், கொல்லங்கோடு

கொஞ்சம் கூடுதல் வாய்ப்பு உண்டு, அவ்வளவுதான். நேரடியாகப் பரம்பரையாக வருவது மிக அபூர்வம், அதுவும் பெரும்பாலும் 60க்கு முன்பே வந்துவிடும். உங்கள் கையில் இருப்பது பிரஷர், சுகர், கொழுப்பு, நடை, அப்புறம் காது. காது கேளாமையும் மறதி நோய் வரும் வாய்ப்பைக் கூட்டும், மெஷின் வைக்க வெட்கப்படாதீர்கள். லெக்கானிமாப் ஊசிக்கு அமெரிக்காவில் 2023இல் முழு அனுமதி கிடைத்தது. அது ஆரம்பக் கட்டத்துக்கு மட்டும். போன ஓர்மையைத் திரும்பக் கொண்டுவராது, போகும் வேகத்தைக் கொஞ்சம் குறைக்கும். மூளையில் வீக்கமும் ரத்தக் கசிவும் வரலாம் என்பதால் அடிக்கடி ஸ்கேன் எடுக்க வேண்டும். முற்றிய அம்மாவுக்காக நிலத்தை விற்க நினைக்காதீர்கள்.

மீன் இல்லாமல் அப்பா ஒரு வாய் சாப்பிட மாட்டார். இப்போது மெல்வதை மறந்துவிட்டு வாயிலேயே வைத்திருக்கிறார். – மகள், குளச்சல்

மீனை நிறுத்த வேண்டாம், சாளையை நிறுத்துங்கள். பொடி முள் ஆபத்து. சூரையோ நெய்மீனோ வாங்கி, முள்ளை விரலால் தடவிப் பார்த்து எடுத்து, குழம்பு விட்டுப் பிசைந்து கொடுங்கள். படுத்தபடி வேண்டாம், நிமிர்ந்து உட்கார்ந்து, நாடி (மோவாய்) கொஞ்சம் தாழ்ந்திருக்க வேண்டும். சின்னச் சின்ன வாயாக, முந்தினது இறங்கியதா என்று பார்த்து அடுத்தது. டிவி ஓடக் கூடாது. தண்ணீர் குடிக்கும்போது இருமினாலோ, சாப்பிட்ட பிறகு குரல் ஈரமாகக் கேட்டாலோ மருத்துவரிடம் சொல்லுங்கள். சாப்பிட்டதும் படுக்க விடாதீர்கள், அரை மணி நேரம் திண்ணையில் உட்காரட்டும்.